நீங்கள் படுத்தபடி பார்த்த சீலிங்

இஞ்சாருங்கோ, இன்று காலை வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் வந்து, உங்கள் அறை நடுவில் வெள்ளைப் பெயின்ற் வாளியை வைத்து மூடியைத் திறந்தார். அந்த மணம் கூடத்துக்கு வந்ததும், நீங்கள் வேலை முடிந்து படியேறி வருகிறீர்கள் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். யூலை முதலாம் திகதி பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற இந்த வாடகை வீட்டை விட்டு ரொக்ஸ்பரோவுக்குப் போகிறேன், மகளோடு இருக்க. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சீலிங் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதுதானே பேச்சு.

"சீலிங் எண்டால் வெள்ளைதான். அதிலை கதைக்க ஒண்டுமில்லை" என்பீர்கள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துத்தான் எங்களைப் பார்த்துக்கொண்டீர்கள். பிறகு சுவாசப்பை பழுதாகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்தபோது, அதே வெள்ளை உங்களை வதைத்தது. மத்தியான வெயில் எதிர்வீட்டுக் கூரைப் பனியில் பட்டு, சன்னலால் வந்து சீலிங்கில் ஏறி, நேரே உங்கள் கண்ணில் இறங்கும். திரையை இழுத்தால் மூச்சு முட்டுகிறது என்பீர்கள். பக்கம் திரும்பிப் படுக்கவும் ஏலாது. கடைசியில் ஒரு துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொள்வீர்கள்.

தேத்தண்ணியோடு வருகிற நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். துவாய் மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பேன். முகம் மூடிக் கிடக்கிற ஆளைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது?

அந்த நாட்களில்தான் மகள் தன் கட்டடப் படிப்புக்காகப் பின்லாந்துக் கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலருகே இருந்து உங்களுக்குப் படங்கள் காட்டுவாள். குளத்தின் கரைபோல வளைந்து வளைந்து போகிற கண்ணாடிச் சாடி. பாறையைக் குடைந்து உள்ளே கட்டிய தேவாலயம். மேசைக்குக் கீழே கால்கள் கூடிப்போயின என்று ஒருவர் ஒற்றைக்கால் கதிரை செய்தாராம்.

"ஒற்றைக் காலிலையோ? கதிரையும் தவம் செய்யுதோ பிள்ளை?" என்றீர்கள். சிரிப்பு இருமலாகிப் போனது. இருமல் அடங்கும் மட்டும் அவள் உங்கள் நெஞ்சைத் தடவினாள்.

"இதைக் கேளுங்கோ அப்பா. ஒரு மனிசனும் மனிசியும் சேர்ந்து காசநோய்க்காரருக்கு ஆஸ்பத்திரி ஒண்டுக்குப் பிளான் கீறினவை. பக்கத்துக் கட்டில் ஆள் முழிச்சிடக்கூடாதெண்டு, தண்ணி சத்தமில்லாமல் விழுற மாதிரி கைகழுவுற தொட்டி. மூச்சுவிடச் சுகமா முதுகு சரிஞ்ச கதிரை. அறையிலை சீலிங் கடும் பச்சை."

"பச்சையோ? ஆருக்கு விசர்?"

"படுத்திருக்கிற ஆக்கள் நாள் முழுக்க அதைத்தானே பாக்கினம். லைட்டும் அவையின்ரை கண்ணிலை படாத இடத்திலை. அந்த மனிசன் தானும் வருத்தமாக் கிடந்துதான் இதை விளங்கிக்கொண்டவராம்."

நீங்கள் துவாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "நான் இவ்வளவு காலமும் நிண்டு பாத்தெல்லோ அடிச்சனான்."

உங்கள் சீலிங்குக்கும் பச்சை அடிக்கக் கேட்டபோது வீட்டுக்காரக் கிழவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அறை குகை மாதிரி ஆகிவிடும் என்றார். நான் அவரை உங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தேன். துவாய் மூடிய முகத்தைக் கண்டதும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். துவாய்க்குள்ளிருந்து "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னீர்கள். மனிசன் துள்ளிப்போனார்! விரும்பியதை அடியுங்கள், போகும்போது வெள்ளையாக்கித் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மகள் மணம் குறைந்த பெயின்ற் வாங்கி வந்தாள். உங்களைக் கூடத்துச் சோபாவில் கிடத்தி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, நான் ஏணியில் ஏறினேன். என் வாழ்க்கையில் ரோலர் பிடித்தது அதுதான் முதல் தடவை. கதவுக்கு அப்பாலிருந்து உங்கள் குரல் வந்துகொண்டே இருந்தது.

"ரோலர் காஞ்சு போச்சு. சத்தம் கேக்குதெல்லோ? தோயும்!"

"தோய்ச்சனான்!"

"உது தோய்ச்ச சத்தமில்லை. உம்மடை கோபத்தின்ரை சத்தம்."

நன்றாகக் காய்ந்த பிறகு உங்களைக் கட்டிலில் சேர்த்தோம். மத்தியான வெயில் வந்தது. பச்சையில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. நீங்கள் மூலை மூலையாகப் பார்த்தீர்கள். "சன்னல் கரையிலை திட்டுத் திட்டாக் கிடக்கு" என்றீர்கள். அவ்வளவுதான். பேந்து நித்திரையாகிவிட்டீர்கள், முகம் திறந்தபடி. தேத்தண்ணியோடு வந்த நான் வாசலில் நிற்கவில்லை. அதன் பிறகு நீங்கள் துவாயைத் தொடவேயில்லை. கடைசி நாள் வரைக்கும் உங்கள் முகம் எனக்கு முழுதாக இருந்தது.

இப்போது நான் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். அறையைத் துடைத்து முடிந்ததும், கட்டிலில் கிடக்கிறவரின் தலைமாட்டில் குனிந்து, என் தலையையும் சரித்து மேலே பார்ப்பேன். விளக்கு கண்ணில் குத்தினால் அதன் கழுத்தைத் திருப்பிவிடுவேன். வெயில் அடித்தால், மூச்சு முட்டாத அளவுக்குத் திரையை இழுப்பேன். ஒருவரும் சொல்லித் தந்த வேலையில்லை இது.

போன கிழமை, பேச்சு நின்றுபோன ஒரு பிரெஞ்சு அம்மாவின் அறையில் இப்படிக் குனிந்திருந்தபோது மேற்பார்வைக்காரி வந்துவிட்டாள். "மேடம், தலை சுற்றுகிறதா?" என்று பதறிக் கேட்டாள். இல்லை, இவ எதைப் பார்க்கிறா என்று பார்க்கிறேன் என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவளுக்கு விளங்கியதோ தெரியாது. அந்த அம்மா மெல்லத் தலையை நகர்த்தி, தலையணையில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.