அறை குடுத்தாச்சு

3 பெப்ரவரி, செவ்வாய்

முன்னறையில் இருந்த பிள்ளை கலியாணம் முடித்து நோர்வேக்குப் போய்விட்டது. அம்மா காலையிலேயே தன் நம்பரைப் போட்டு வெள்ளவத்தை முழுக்க அறிவித்துவிட்டா: வேலைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு அறை உண்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பா என்று நினைத்தது என் பிழை. வீடு அவவின் பெயரில். ஐம்பது வயதிலும் நான் இங்கே சின்னப்பிள்ளைதான்.

8 பெப்ரவரி, ஞாயிறு

கொட்டாஞ்சேனை வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையில் சமூகவியல் படிப்பிப்பது என்பது பாதி நித்திரையில் இருக்கிற சனத்தைத் தட்டி எழுப்புகிற வேலை. இன்று 'சமூகப் பிரச்சினை என்றால் என்ன' என்று தொடங்கி வரைவிலக்கணம் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள். தனுஷியா மட்டும் எழுதவில்லை.

இடைவேளையில் விசாரித்தேன். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிற பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரி. கூட வேலை செய்யும் ஐறீனின் வீட்டில், கொச்சிக்கடையில், ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறாள். ஐறீனின் அண்ணனுக்கு அடுத்த மாதம் கலியாணம். அதற்கு முன் வெளிக்கிட வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனை எல்லாம் தேடிவிட்டாள். முதலில் அன்பாகக் கதைக்கிறார்களாம், பிறகு "அறை குடுத்தாச்சு" என்கிறார்களாம்.

"நான் கதைக்கிற விதம் பிழையோ மிஸ்? என்னிலைதான் ஏதோ குறை. அறை கிடைக்காட்டி வேலையை விட்டிட்டு ஊருக்குத்தான் போகவேணும்."

என்ன கேட்ட பிறகு அப்படிச் சொல்கிறார்கள் என்றேன். யோசித்தாள். ஊரைக் கேட்டு, எந்தக் கோயிலடி என்று கேட்டு, கோயிலுக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்ட பிறகு.

சாதியை வாயால் சொல்லாமல் கண்டுபிடிக்கிற எங்கள் சனத்தின் கேள்வி அது. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தன் குரலில்தான் பிழை தேடுகிறாள்.

வகுப்பாக ஒரு வேலை தீர்மானித்தோம். விளம்பரம் போட்ட வீடுகளுக்குத் தனுஷியாவும், அதே வகுப்பில் படிக்கிற உஷாந்தியும் தனித்தனியாகப் போன் எடுப்பது. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே வயது, ஒரே வேலை என்று சொல்வது. கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் வேறு. ஒரு வீட்டில் மறுத்தால் அது அந்த வீட்டுக்காரியின் குணம் என்று விடலாம். வீடு வீடாக அதே மாதிரி நடந்தால் இந்தப் பிள்ளையில் குறை தேடத் தேவையில்லை.

11 பெப்ரவரி, புதன்

காது மந்தம் என்று அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பா. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டீங்களோ பிள்ளை? எந்தக் கோயிலடி? கோயிலுக்கு மேற்குப் பக்கமோ, கிழக்குப் பக்கமோ?"

பதில் வந்தது. தனுஷியாவின் குரல்.

"ஐயோ ராசாத்தி, இப்பதானே ஒரு பிள்ளை வந்து அட்வான்ஸ் தந்திட்டுப் போகுது."

கொஞ்ச நேரத்தில் உஷாந்தி எடுத்தாள். "அறை இருக்கு, வாங்கோ" என்றா அம்மா.

கடவுளே, என்ரை வீடு! அது ஆரின்ரை நம்பர் எண்டு பிள்ளையளுக்குத் தெரியாது.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"முகத்திலை அடிச்ச மாதிரிச் சொல்லச் சொல்லுறியோ? பாவம், அந்தப் பிள்ளைக்கு மனம் நோகாதோ?"

பாவமாம்! மனம் நோகுமாம்! கத்தினேன். அவ அழுதா. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

12 பெப்ரவரி, வியாழன்

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. யாரும் யாரையும் ஏசவில்லை. அதனால்தான் இது இவ்வளவு காலமும் பிரச்சினை என்ற பெயரே இல்லாமல் நடக்கிறது. அம்மாவைக் கெட்டவள் என்று எழுதிவிட்டால் எனக்கு லேசு. ஆனால் அவவுக்குப் பக்கத்து வீட்டு இரத்தினம்மாவில் பயம் – வந்து விசாரித்தால் என்ன சொல்வது என்று. இரத்தினம்மாவுக்கு வேறொருத்தியில் பயம். அப்ப ஆரிலை கோவிக்கிறது?

15 பெப்ரவரி, ஞாயிறு

பிள்ளைகள் முடிவுகளைப் பலகையில் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தனுஷியாவுக்குக் "குடுத்தாச்சு", உஷாந்திக்கு "வாங்கோ". பெயர்கள் இல்லை, நம்பரின் கடைசி இலக்கங்கள் மட்டும். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மூன்றாவது என்ரை வீடு" என்றேன். "கதைச்சது என்ரை அம்மா."

தனுஷியா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பிழையாக் கதைக்கேல்லை" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அம்மாவோடு கதைத்து அறையை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். "நீங்கள் இரங்கித் தரவேண்டாம் மிஸ். எல்லாரும் போனிலைதான் பொய் சொல்லுகினம். என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நான் நேரை வந்து கேக்கிறன்."

மற்றப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இனி எந்த வீட்டுக்கும் இரண்டு பேராகவே போவதாம். இதை நான் படிப்பிக்கவில்லை.

21 பெப்ரவரி, சனி

தனுஷியாவும் உஷாந்தியும் வந்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்து, அறை உஷாந்திக்கென்று நினைத்து அதைத் திறந்து காட்டி, ஜன்னலையும் திறந்துவிட்டா. அப்போதுதான் தனுஷியா சொன்னாள்.

"அறை எனக்குத்தானம்மா. அண்டைக்குக் கோயிலுக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டீங்களே, அந்தப் பிள்ளை நான்தான்."

அம்மாவின் முகம் கறுத்தது. என்னைப் பார்த்தா. நான் உதவிக்குப் போகவில்லை.

"அறை சின்னன் பிள்ளை."

"எனக்குக் காணும்."

"சில நாளிலை தண்ணி வராது."

"ஐறீன் வீட்டிலையும் அப்பிடித்தான்."

அதற்கு மேல் சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் மிச்சம். முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்ல அவவுக்கு வாய் வரவில்லை. "உங்கட விருப்பத்துக்குச் செய்யுங்கோ" என்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டா.

28 பெப்ரவரி, சனி

தனுஷியா ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். அம்மா அவளோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை. பிள்ளைகள் நேரில் போன வேறொரு வீட்டில், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, முகத்துக்கு நேரேயே "உங்கட ஆக்களுக்குக் குடுக்கிறேல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்களாம். ஆக, எல்லா வீட்டுக்கும் இது மருந்து இல்லை.

14 மார்ச், சனி

பின்னேரம் இரத்தினம்மா வந்தா. அம்மாவோடு ஹோலில் இருந்தா. அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தனுஷியா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் இந்தப் புதுப் பிள்ளை? எந்த ஊராம்?"

அம்மா ஊரைச் சொன்னா.

"எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னா.

"கோயிலுக்கு எந்தப் பக்கமாம்?"

நான் குசினியில் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றா அம்மா. "நான் கேக்கேல்லை."

பொய்தான். ஆருக்காகச் சொன்னாவோ தெரியாது. இரத்தினம்மா தேத்தண்ணியை முடித்துவிட்டு எழும்பிப் போனா.