குழாய்க்கு வைத்த பொட்டு

வல்லம் வடகால்

அன்புள்ள அம்மாவுக்கு, செல்வி வணங்கி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஆயுத பூஜையன்று, நீங்கள் கொடுத்துவிட்ட கோயில் சந்தனத்தைக் குழைத்து எங்கள் கம்பெனி டேங்குக்குப் பொட்டு வைத்தேன். சர்க்கரைப்பாகைத் தின்று, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் அமிலத்தைத் தரும்படி மாற்றியமைத்த பாக்டீரியா அதற்குள் வளர்கிறது. சாம்பிள் எடுக்கும் குழாயின் வாயிலும் வைத்துவிட்டேன். அங்கே எதுவும் படக்கூடாது என்பது அந்த நேரத்தில் மறந்துபோனது.

மறுநாள் சூப்பர்வைசர் சூசைராஜ் அண்ணன் சாம்பிளைப் பார்த்துவிட்டு, "இன்னா செல்வி, குழாய்க்கா பொட்டு வச்ச? வெளிக்கிருமி உள்ள பூந்துகினு கீது" என்றார். எங்கள் பாக்டீரியா தின்பதையெல்லாம் அமிலமாக்கிக் கொடுத்துவிடும். தான் வளர மிச்சம் வைக்காது. வெளிக்கிருமியோடு மல்லுக்கட்ட அதற்குத் தெம்பில்லை. டேங்கில் இருந்த அத்தனையையும் நீராவி விட்டுக் கொன்றோம். வால்வைத் திறந்தது நான்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேனேஜர் கேட்டபோது அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. "எல்லாருந்தான் சார் பூஜ போட்டோம்" என்று முடித்துவிட்டார். அவர் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர். என் வேலைக்கு ஆபத்தில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் எள்ளுப்பொடி கொடுத்துவிடுங்கள். நீங்கள் போர்த்திக்கொள்ளும் பச்சைப் போர்வையையும் கொடுங்கள். புதிது வாங்க வேண்டாம், துவைக்கவும் வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. சந்தனமும் அனுப்புங்கள் அம்மா, கொஞ்சம் போதும். இனி என் நெற்றிக்கு மட்டுந்தான்.

உங்கள் மகள்
பாண்டிச்செல்வி