சின்னவளுக்குப் பல் விழுந்ததா?

நீ கடலில் இருந்தபோது உன் மனைவியையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் ஒரு ரௌடி வீடு புகுந்து வெட்டிக் கொன்றான். நீ கரைக்கு வருவதற்குள் நம் ஊர்க்காரர்கள் அவர்களை அடக்கம் செய்துவிட்டார்கள். கொன்றவன் மேல் வழக்கு நடந்தது. உனக்கு முகம் காட்டாமல் புதைத்ததற்கு எந்த வழக்கும் இல்லை. நீ செத்த பிறகும் நான் அதை விடவில்லை, தம்பி.

இன்று காலை காசிமேட்டில் மீன் கூடையை இறக்கியதும் பக்கத்துக் கடைக்காரி போனை நீட்டினாள். மேல்முறையீட்டில் அவனுக்கு விடுதலை. திரையில் உன் வீட்டு வாசல். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு லாஞ்சிப் படகில் ஒயர்லெஸ் கரகரத்தது. கையிலிருந்த வஞ்சிரம் நழுவி விழுந்தது.

அன்றைக்கும் இதே கரகரப்புதான். அந்த ரௌடி செய்த ஒரு கொலைக்கு நீ சாட்சி. சாட்சி சொல்லும் நாள் வரைக்கும் கடலிலேயே இரு என்று உன்னை அனுப்பியது ஊர். பெண்டு பிள்ளைகளைத் தொடமாட்டான் என்று நம்பினோம். கடலில் இருப்பவனுக்குச் சாவு சொல்வதில்லை. அவன் நிலைகுலைந்தால் படகில் உடன் இருப்பவர்களுக்கும் ஆபத்து. "கரைக்கு வா" என்று மட்டும் சொல்வார்கள். கேட்டவனுக்கு விளங்கிவிடும். வந்தால் உன்னையும் வெட்டுவான் என்று பயந்து உனக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

நீயாகவே கூப்பிட்டாய். "ஊட்ல எப்டி கீறாங்க?"

"எல்லாம் நல்லா கீறாங்கோ நைனா," என்றார் ஊர்த் தலைவர்.

"சின்னவளுக்கு பல்லு ஆடிகினு இருந்துச்சே, வுழுந்துச்சா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "வுழுந்துச்சு."

"கூர மேல போடச் சொல்லு. நான் வர்றதுக்குள்ள புச்சு மொளச்சிரும்." சிரித்தாய்.

நான் ஒயர்லெஸ்ஸைப் பிடுங்கப் போனேன். நாலு பேர் என் கையைப் பிடித்தார்கள். "உனுக்கு இன்னா பைத்தியமா யம்மா? அவனையும் சாவடிக்கப் போறியா?"

நீ கரையேறியபோது அத்தனை பேரும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐஸ் உடைக்கும் கொட்டகைக்குள் கூட்டிப்போய் நான்தான் சொன்னேன். நீ அழவில்லை. "பல்லு வுழுந்துச்சுன்னாரே யக்கா," என்றாய். அதற்குப் பிறகு, சாகும் வரை நீ ஒயர்லெஸ்ஸைத் தொடவில்லை. ஒருநாள் என்னிடம், "யாரு கேட்டாலும் நெஜத்த சொல்லு யக்கா. தொண்டைய அடச்சா நில்லு, அப்பால சொல்லு," என்றாய்.

அன்று மீஞ்சூரில் அத்தை வீட்டில் இருந்ததால் தப்பியவள் உன் பெரிய மகள். இப்போது காட்டுப்பள்ளியில் குடித்தனம், நிறைமாதம். அவன் விடுதலையானதை இவளுக்கு யார் சொல்வது? கிழடாகிவிட்ட அதே தலைவர் என் கடைக்கே வந்துவிட்டார். "புள்ள பொறந்த அப்பால சொல்லிக்கலாம். இப்போ நல்ல சேதியா ரெண்டு சொல்லி வெப்போம்."

"உன் நல்ல சேதிய நான் ஒருவாட்டி கேட்டுக்கீறேன்," என்றேன்.

அவள் புருஷனுக்கு போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை. இந்நேரம் அவளே பார்த்திருப்பாளோ? வெளியே வந்தவன் அவள் வீடு எது என்று விசாரிப்பானோ? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நான் போய்ச் சேரும் வரை அவள் புருஷன் அவளைத் தனியே விடக் கூடாது. அவள் வாசலில் நம் ஊர்ப் பையன்கள் முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். போலீஸ் பாதுகாப்புக்கு மனு எழுத வேண்டியதும், வழக்கை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதும் நம் வழக்கைப் பார்த்த வக்கீல். தலைவர் என்னோடு பஸ் ஏற வேண்டும்; அன்று ஒயர்லெஸ்ஸில் உன்னிடம் சொன்னது பொய் என்று அவர் வாயாலேயே அவளிடம் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் நான் சொல்கிறேன். சின்னவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் நான். தங்கச்சிக்குப் பல் விழுந்ததா என்று அவள் கேட்டால், விழவில்லை, ஆடிக்கொண்டுதான் இருந்தது என்று சொல்ல வேண்டியதும் நான்தான்.