முதல் ரிங்கிலேயே எடுக்கும் நம்பர்

கல்லுமலைத் தோட்டம், மேல்பிரிவு,
மாத்தளை.
2025 மார்ச் 22

அன்புள்ள துஷாந்த்,

இங்கே மழையும் நானும் சுகம். நாம் கடைசியாகப் பேசிப் பதினான்கு மாதமாகிறது. அதைப் பற்றி எழுத வரவில்லை. ஓர் உதவி வேண்டும்.

நான் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறேன். சிரிக்காதீர்கள். சுயேச்சைக் குழு, பலாப்பழச் சின்னம். போன நவம்பரில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தபோது பக்கத்துக் காம்பரா காத்தாயி அக்கா பழைய மெம்பருக்குப் பதினொரு தடவை கோல் எடுத்தார். போன் ஓஃப். ஓட்டுக் கேட்டு வந்த அன்று, "எந்த நேரமும் கோல் எடுங்க" என்று சொல்லி அந்த நம்பரை அக்காவின் போனில் பதிந்து கொடுத்தவரே அவர்தான். கூப்பிட்டால் எடுக்கிற, சொன்னால் செய்கிற ஒரு நம்பர் இந்த மலைக்கு வேண்டும். நான் நிற்பது அதற்காகத்தான்.

முதல் நோட்டீஸில் என் சொந்த நம்பரைப் போட்டுவிட்டோம். வந்த கோல்களில் பாதி, "தங்கச்சி தனியாவா இருக்கீங்க?" என்று கேட்கிறவை. ஈமெயிலும் நாம் ஒரே வகுப்பில் படித்தபோது நீங்கள் திறந்து தந்ததுதான். கிருஷா, ரோஜா, எண்பத்தொன்பது. அதைச் சொன்னபோது நிருபர் ஒருவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வேண்டும். நான், குழுவில் இருக்கும் நிஷ்மியா டீச்சர், இன்னும் ஓர் ஆள் என்று மூன்று பேரின் போனில் ஒரே நேரத்தில் அடிக்கிற ஒரு நம்பரும் வேண்டும். செலவு குறைவாக இருக்கவேண்டும். டோஹாவில் ஊரார் அலுவலகங்களுக்கெல்லாம் இதைத்தானே செய்து கொடுக்கிறீர்கள்?

கிருஷா


டோஹா,
2025 மார்ச் 26

அன்புள்ள கிருஷா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சோறு ஆறிப்போனது. சிரிக்கவில்லை.

எல்லாம் தயார். மின்னஞ்சல் இனி குழுவின் பெயரிலேயே போகும், வரும். நம்பர் 066இல் தொடங்குகிறது, மாத்தளை அலுவலக நம்பர் மாதிரியே. ஆனால் அது இணையத்தில் ஓடுகிறது. செலவு மாதத்துக்குப் போனுக்கு ஒரு தடவை ரீலோட் போடுகிற காசு அளவுதான். உன் போனிலும் நிஷ்மியா டீச்சர் போனிலும் அடிக்கும். மூன்றாவது ஆளின் நம்பரை அனுப்பு. கூப்பிட்டால் எடுக்கிற நம்பர் வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதனால் முதல் ரிங்கிலேயே எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் வரவேற்கிற ஒரு குரலைப் போட்டிருக்கிறேன். வேறு குரல் கைவசம் இல்லை. என்னுடையதுதான்.

நான் வேலை செய்கிற அறைக்குச் சன்னல் இல்லை. உன் குழுவின் பெயரைப் பதிந்துவிட்டு நிமிர்ந்தபோது, மேசைகளுக்கு நடுவே மெல்லப் பனி இறங்கியிருந்ததுபோல் தோன்றியது. யாராவது கதவைத் திறந்தால் கலைந்துவிடும் என்று கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன்.

துஷாந்த்


மேல்பிரிவு,
2025 ஏப்ரல் 6

அன்புள்ள துஷாந்த்,

மின்னஞ்சல் அழகாக வேலை செய்கிறது. நிருபர் பதில் போட்டுவிட்டார். நம்பரைப் பற்றித்தான் ஊர் சிரிக்கிறது.

இங்கே யாரும் முழுசாகக் கோல் எடுப்பதில்லையே, அதுகூடவா மறந்துவிட்டது? ரிங் கட்தான். ஒரு ரிங் அடித்து வெட்டுவார்கள். பார்த்தவர் திருப்பிக் கோல் எடுக்கவேண்டும். உங்கள் மெஷின் வெட்டுவதற்கு விடுவதில்லை. முதல் ரிங்கிலேயே எடுத்துப் பேசத் தொடங்குகிறது, கூப்பிட்டவரின் காசு போகிறது. காத்தாயி அக்கா, நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கே வந்து, தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எழும்பச் சத்தம் போட்டார்.

"ஏன் கிருஷா, ஒன் வூட்டுக்காரரு போனு பக்கத்துலயே குந்திக்கிட்டு இருக்காரா? ஒரு ரிங்கு வுட மாட்டேங்கிறாரே! துஷாந்து, வையி தம்பி வையிங்கிறேன், அவரு பாட்டுக்குச் சிங்களத்துல ஆயுபோவன்ங்கிறாரு. அதுவும் எங்கிட்ட, ஆயுபோவன்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, நானும் அந்த நம்பருக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். சோதனைக்காகத்தான்.

மெஷினை நிறுத்துங்கள். ஆனால் பகலில் நான் பிள்ளைகளோடு இருக்கிறேன், நிஷ்மியா வகுப்பில் இருக்கிறாள். ரிங் கட்டுகளுக்குத் திருப்பி எடுக்க ஆளில்லை. மூன்றாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

கிருஷா


டோஹா,
2025 ஏப்ரல் 20

அன்புள்ள கிருஷா,

மெஷினை நிறுத்தினேன். மூன்றாவது போனாக என்னுடையதைச் சேர்த்தேன். உன்னிடம் முதலில் கேட்டிருக்கவேண்டும். பத்து நாளாக மதிய இடைவேளையில் ரிங் கட்டுகளுக்குத் திருப்பி எடுத்து, விவரத்தை உனக்கு மின்னஞ்சலில் போடுகிறேன். உடைந்த மதகு, எரியாத லாம்பு, பாதையில் விழுந்த மரம். எதுவும் விடுபடவில்லை என்றே நினைக்கிறேன்.

நான் எடுத்தாலும் அவர்கள் போனில் 066தான் விழுகிறது. அதனால் நான் மாத்தளை டவுனில் இருப்பதாக நினைக்கிறார்கள். அலுவிகாரையில் கடை வைத்திருக்கும் அப்துல் ஸமத் நானா, "தம்பி, இந்தப் பக்கம் வந்தா கடைக்கு வாங்க, ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்றார். "வாறேன் நானா" என்றேன். சொல்லி முடித்த அந்தக் கணம், சத்தியமாக, நான் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பு நனைந்திருந்தது.

அவர்கள் பேசும்போது பின்னால் தகரத்தில் மழை விழுகிறது. ஒரு கோழி கேறுகிறது. யாரோ யாரையோ ஏசுகிறார்கள். வைத்த பிறகும் அது காதில் கொஞ்ச நேரம் இருக்கும். வெளியே வெயிலில் இறங்கும்போது, அந்த மழைக்குள்ளிருந்துதான் வேலைக்கு வந்ததுபோல் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

துஷாந்த்


மேல்பிரிவு,
2025 மே 9

அன்புள்ள துஷாந்த்,

முப்பத்தேழு வாக்கு வித்தியாசத்தில் வென்றோம். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கோல் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஓட்டுப் போட்டார்கள் என்று நிஷ்மியா கணக்குச் சொல்கிறாள். அதில் உங்கள் பங்கு பெரியது. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆறாம் திகதி காலை ஆறரைக்கே காத்தாயி அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஓட்டுப் போடத்தானே என்று நினைத்தேன். இரண்டு பஸ் வந்து போனது, ஏறவில்லை. போய்க் கேட்டேன். "துஷாந்து தம்பி இன்னிக்கு வருது. வந்துருவேன், ஒண்ணாப் போயி போடுவோம்க்கான்னு போன்ல சொல்லிச்சு" என்றார். கருவாடு பொரித்து வைத்திருந்தார். ஸமத் நானாவிடமும் அன்றைக்கே வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். இன்னும் ஆறு பேரிடம். அக்கா மூன்றரை மணிக்குத் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

என்னிடம் அப்படி எதையும் நீங்கள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். உங்களுக்கு என்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று மெம்பராக என்னிடம் வந்த முதல் முறைப்பாடு அக்காவுடையது. கதவுக்கு வெளியே நின்று, "மெம்பரம்மா, எழுதிக்கிங்க. ஒங்க நம்பர்ல வர்றேன்னு சொன்னவரு வரல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அவர் போன பிறகு பழைய மெம்பரின் ஞாபகம் வந்தது. அவரும் சொல்லும்போது நம்பித்தான் சொல்லியிருப்பார்.

உங்கள் போனை அந்த நம்பரிலிருந்து எடுத்துவிட்டேன். எப்படி எடுப்பதென்று நிஷ்மியா தேடிப் பார்த்துச் சொன்னாள். நான்கு நிமிடம் ஆனது. உங்கள் இடத்தில் கீழ்ப்பிரிவுக் காத்தமுத்து அண்ணனின் மகள் சுதர்சினி இருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பிள்ளை.

வருவதென்றால் திகதியோடு எழுதுங்கள். வருவதில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். எதுவானாலும் இந்த முகவரிக்கே போடுங்கள். அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டவேண்டும்.

கிருஷாந்தினி