பெல்ற்றுக்கும் வயிற்றுக்கும் இடையில்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் மனுசன் யாகோப்பு விடியத்தான் கடலால் வந்தார், பூசைக்கு எழும்பவில்லை. நான் தனியத்தான் போய் வந்தேன். மகள் ஜெசிதாவும் மருமகன் றஜிந்தனும் கொடிகாமத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். றால் குழம்பு வைத்தேன். றால் இவர் பிடித்தது, ஆகவே வீட்டுக் கணக்கில் ஏற்றவில்லை.

அவர்கள் திரும்பிப் போக வெளிக்கிடும்போது வழக்கமான பகிடிதான். றஜிந்தன் கட்டாரில் சாரதியாக இருந்தவர். இப்போது சொந்தக் கார் வைத்து ஓடுகிறார். முன் சீற்றில் இருப்பவர் பெல்ற் போடாவிட்டால் காரை எடுக்கமாட்டார். பக்கத்து வளவிலிருந்து என் அக்கா மக்டலீனும் வந்துவிட்டாள்.

"மருமோன், பொலிசுக்காரன் சாவகச்சேரியிலைதானே நிக்கிறான். அங்கை போய்ப் போடட்டும் பிள்ளை."

"பொலிசுக்குப் பயந்து போடுறேல்லை மாமி. டிப்பர்காரனுக்குப் பயந்துதான்."

"கட்டார் ராசாவின்ரை சட்டம்!" என்று அக்கா சிரித்தாள்.

நானும் சொன்னேன், "தம்பி, வயித்துப் பிள்ளையை இறுக்காதேங்கோ" என்று. "வயித்துக்குக் கீழையெல்லோ மாமி வரும், இஞ்சை பாருங்கோ" என்று அவளுடைய மடியைக் காட்டினார். மருமகன் மகளின் மடியில் கை வைத்துக் காட்டும்போது மாமியார் எப்படிப் பார்ப்பது? நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதாவின் திருநாள். ஜெசிதா போனில் சொன்னாள், செபமாலை சொல்லும்போது பிள்ளை துடிக்கிறதாம். "அதுவும் சொல்லுது போலை" என்றேன். நாள் முழுக்க அந்தச் சந்தோசம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. நாலு மணிபோல மகளும் மருமகனும் வெளிக்கிட்டார்கள். அக்கா ஒரு சின்னத் தலையணை தைத்து வைத்திருந்தாள், மஞ்சள் உறை போட்டு. பெல்ற்றுக்கும் வயிற்றுக்கும் இடையில் அதைச் செருகிவிட்டு, "இப்ப என்ரை பேரப்பிள்ளை மெத்தையிலை போகுது" என்றாள். தெருவில் எங்கள் ஒழுங்கைச் சனம் எல்லாம் நின்று சிரித்தது. றஜிந்தன் குனிந்து ஜெசிதாவிடம் ஏதோ சொன்னார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். புதுசாய்க் கட்டினதுகள் மாதிரி இப்போதும்.

போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கிறேன் என்றவள். இன்னும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பெண்பிள்ளை. உயிர் இல்லை.

நாவற்குழி தாண்டி எதிர்ப்பக்கத்தால் முந்திக்கொண்டு வந்த டிப்பர். றஜிந்தன் வெட்டித் திருப்ப, கார் மதகிலை போய் அடிச்சுது. உவனுக்கு நெத்தியிலை ஒரு காயம். ஜெசிதாவுக்கு ஒரு எலும்பும் முறியேல்லை. பிள்ளை மட்டும் — உள்ளுக்கை நச்சுக்கொடி கழண்டுபோச்சாம். ஒரு எலும்பும் முறியாமல் ஒரு பிள்ளை எப்பிடிச் சாகும்? ஆண்டவரே, எப்பிடி?

ஆகஸ்ட் 22, வியாழன்

பிள்ளையைச் சேமக்காலையில் அடக்கம் பண்ணினோம். பெட்டியை யாகோப்பு ஒருத்தராகவே தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவு சின்னது.

ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை. பங்குச் சுவாமியிடம் கேட்டேன், "எங்கை போகும் சுவாமி?" என்று. "குடுக்கவேணும் எண்டு நீங்கள் ஆசைப்பட்டதை ஆண்டவர் அறிவார் றெஜினா" என்றார். வீட்டில் வேதபுத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஜெசிதாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உடம்பு துடைத்துவிடும்போது கண்டேன். தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. வயிற்றின் நடுவால் இன்னொன்று. பெல்ற்றின் அகலம் அப்படியே பதிந்திருக்கிறது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பின்னேரம் றஜிந்தன் இளநீர் கொண்டுவந்தான். வாசல் படலையிலேயே மறித்தேன்.

"நீர் கட்டின பட்டிதான் பிள்ளையைச் சாகடிச்சது. என்ரை கண்ணாலை அடையாளத்தைப் பாத்திட்டன். இனி இஞ்சை வராதையும்."

மருமகனை நீங்கள் என்னாமல் நீர் என்று சொன்னது இதுதான் முதல்தரம். உவன் இளநீரை மதிலில் வைத்துவிட்டுப் போனான். யாகோப்பு என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

செப்டெம்பர் 11, புதன்

கிளினிக். ஜெசிதா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான்தான் கேட்டேன், "பெல்ற் போடாமல் விட்டிருந்தா பிள்ளை தப்பியிருக்குமோ டொக்டர்?" என்று. டொக்டர் அம்மா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"போடாமல் விட்டிருந்தா மகள் கண்ணாடியாலை வெளியிலை போயிருப்பா அம்மா. தாய் போனால் பிள்ளையும் இல்லை. பெல்ற் பிழையில்லை, அது கிடந்த இடம்தான் பிழை. இடுப்பெலும்பிலை கிடக்கவேண்டியது வயித்துக்கு மேலை ஏறிக் கிடந்திருக்கு. ஆர் இப்பிடிக் கட்டினது?"

அப்போதுதான் கண்டேன், உவன் கதவடியில் நிற்கிறான். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருக்கிறான்.

"நான்தான் டொக்டர். நான் சரியாப் பாக்கேல்லை" என்றான்.

கேட்டீரா ஆண்டவரே. தன் வாயாலேயே சொல்லிவிட்டான். டொக்டர் ஒரு படத்தாள் தந்தா. மடித்துக் கைப்பையில் வைத்தேன். எனக்கு என்ன தேவைக்கு?

செப்டெம்பர் 30, திங்கள்

அக்கா சொல்கிறாள், ஜெசிதாவை அவனிடம் திருப்பி அனுப்பவேண்டாமாம். "பிள்ளையைப் பாக்கத் தெரியாதவன் பொஞ்சாதியைப் பாப்பானோ?" நானும் தலையாட்டினேன். ஜெசிதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 7, திங்கள்

செபமாலை மாதா திருநாள். செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில், மூன்றாம் பத்து மணி சொல்லும்போது, ஜெசிதா எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னால் போனேன். இருட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, அவரிலை பிழை இல்லை. தலையணையை எடு, பெல்ற் மேலை ஏறுது எண்டு எனக்குச் சொன்னவர். ரெண்டுதரம் கையை நீட்டினவர், கீழை இறக்க. நான்தான் தட்டிவிட்டனான்."

"ஏனடி?"

"ஒழுங்கையெல்லாம் நிண்டு பாக்குது அம்மா. மடியிலை கை வைக்கிறார் எண்டு எனக்கு வெக்கமாய்க் கிடந்தது. பெரியம்மாவும் ஆசையாய்த் தைச்சுக்கொண்டு வந்தவா. கொடிகாமம் போய் எடுப்பம் எண்டு இருந்தனான்."

"அப்ப டொக்டரிட்டை அவர் ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"ஆசுப்பத்திரி வாட்டிலை கண் முழிச்ச உடனை என்ரை காதுக்கை சொன்னவர். ஆர் கேட்டாலும் நான் கட்டினது எண்டு சொல்லு, நீ இதைச் சுமக்காதை, பெரியம்மாவும் தாங்கமாட்டா எண்டு. நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தனே அம்மா! நீங்கள் அவரைப் படலையிலை வைச்சு ஏசினது எனக்கு உள்ளுக்கை கேட்டது. எழும்பி வரேல்லையே நான்!"

இவ்வளவு நாளும் அவளுக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு அழுதாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மிச்சக் காரணிக்கம் சொல்லவில்லை.

அக்டோபர் 9, புதன்

டொக்டர் தந்த தாளை விரித்துப் பார்த்தேன். ஒரு பெட்டை படத்தில் இருக்கிறாள், பெரிய வயிறு. ஒரு பட்டி இரண்டு மார்புக்கும் நடுவால் போய் வயிற்றுக்குப் பக்கத்தால் இறங்குகிறது. மற்றது வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்குகிற இடத்தில். தடித்த உடுப்போ மெத்தையோ இடையில் வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்குகிறது. வெட்கப்படுகிற படமும் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

றஜிந்தனுக்கு போன் எடுக்க இரண்டுதரம் நினைத்தேன். என்னத்தைச் சொல்லித் தொடங்க?

நவம்பர் 2, சனி

ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலை நிறையச் சனம், மெழுகுதிரி வெளிச்சம். எங்கள் பிள்ளையின் குழியில் பேர் எழுதாத சிலுவை. யாகோப்பு மண்ணைக் கையால் நிரவினார். ஜெசிதா பூ வைத்தாள்.

அக்கா அழுதுகொண்டு சொன்னாள், "அவன் அந்த நாசமாப்போன பட்டியைக் கட்டாமல் விட்டிருந்தா இண்டைக்கு இந்தக் குழி இராது."

ஜெசிதா என்னைப் பார்த்தாள். 

"கட்டாமல் விட்டிருந்தா ரெண்டு குழி அக்கா," என்றேன். "எனக்கு மகளும் இல்லை."

அக்கா அழுகையை நிற்பாட்டிவிட்டாள். "அப்ப ஆரின்ரை பிழையடி?" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள். அந்தத் தலையணையை அவள் நாலு நாள் இருந்து தைத்தவள்.

"டிப்பர்காரன்ரை பிழை அக்கா. வேறை ஆரின்ரையும் இல்லை."

றஜிந்தன் வெளிவாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, நான் வரக்கூடாது என்றது இந்த இடத்துக்கும் சேர்த்து என்று நினைத்திருக்கிறார். கையில் ஒரு மெழுகுதிரி, கொளுத்தாமல். நான்தான் போய்க் கூப்பிட்டேன். பேரைச் சொல்ல வரவில்லை. "வாங்கோ, பிள்ளைக்குத் திரி வையுங்கோ" என்றேன்.

திரும்பும்போது மழை தூறியது. யாகோப்பும் அக்காவும் ஓட்டோவில் போனார்கள். ஜெசிதா போய், றஜிந்தன் திருத்தி எடுத்த காரின் முன் சீற்றில் ஏறினாள். நான் பின்னால். அவர் காரை எடுக்கவில்லை, எடுக்காமல் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பின்னுக்கும் பெல்ற் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. இழுத்தேன், கொளுவத் தெரியவில்லை.

அவர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். பட்டியை என் மடிக்குக் குறுக்காகக் கொண்டுவந்து, இடுப்பில் சரியாகக் கிடக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். சேமக்காலையால் வருகிற சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு போனது.  நான் முகத்தைத் திருப்பவில்லை.

"இறுக்குதோ மாமி?" என்றார்.

"இல்லைத் தம்பி. இவ்வளவு காணும்."