கட்டைப்பையில் வந்த வாடிக்கையாளர்கள்

2025 ஜனவரி 6, திங்கள்

இன்று எனக்கு அடையாள அட்டை வந்தது. நீல நாடா வைத்தது. 'தஸ்லீமா, ஆபரேஷன்ஸ் ஹெட்'. ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் ரீசார்ஜ் செய்து, டெம்பர் கிளாஸ் ஒட்டிப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு பதவி!

கடை மாடியை வாடகைக்கு எடுத்திருக்கும் பிரபாகர் அண்ணன் கொடுத்தது. நாகலூர்க்காரர். பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து, மலையில் விளையும் மிளகையும் காப்பியையும் நேராக வெளியூருக்கு விற்க ஒரு ஆப் செய்திருக்கிறார். கம்பெனியில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர். ஆனால் 'டீம்' என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

பெற்ற மகளின் அட்டையை அத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சம்பளம் எந்தப் பக்கம் போட்டிருக்கு?"

ஜனவரி 8

காலை பஸ்ஸில் கண்டக்டர் சதீஷ் வழக்கம்போலக் கட்டைப்பையை இறக்கிவிட்டுப் போனார். வெள்ளக்கடை கிராமத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் சிக்னல் கிடையாது. அதனால் அவர்கள் போன்களைப் பையில் போட்டு மேலே அனுப்பிவிடுவார்கள். போன்கள் பகலெல்லாம் என் கடையில் சார்ஜ் ஏறி, மெசேஜ் வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பும். அந்த ஊரில் ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறவை அவைதான்.

இப்போது அந்த போன்களில் ஆப்பையும் நானே திறந்து பார்க்கிறேன். மிளகு விலையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு போனிலும் ரப்பர் பேண்டால் சுற்றி அனுப்புகிறேன். "நல்ல வெலையா இருந்தா நீயே 'சரி'ய அமுக்கிரு கண்ணு" என்று காளியாயி அக்கா சொல்லி வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும். அமுக்குகிறேன்.

ஜனவரி 14

பொங்கல். பஸ்ஸில் கூட்டம். பை வரவில்லை.

ஜனவரி 17

மார்ச்சுக்குள் முதலீடு வராவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு பெங்களூருக்கே போக வேண்டியதுதான் என்று பிரபாகர் அண்ணன் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். "அதுவரைக்கும்தானுங்க நம்ம ரன்வே." கையிருப்புப் பணம் தாங்கும் காலத்துக்கு அப்படிப் பெயராம். அத்தா ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். இங்கே எங்கே ஏரோப்ளேன் இறங்கும் என்று யோசித்திருப்பார்.

மறுபடி டெம்பர் கிளாஸா? இந்த அட்டை எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் கூடக் கழற்றுவதில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஜனவரி 23

பிரபாகர் அண்ணன் லேப்டாப்போடு இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தார். திரையில் வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏற்காடு வரைபடம், நடுவில் பெரிய சிவப்பு வட்டம்.

"பாருங்க தஸ்லீமா! கஸ்டமருங்க அத்தனை பேரும் தெனமும் டவுனுக்கு வர்றாங்க. ஒரே எடத்துல பகல் பூரா இருக்காங்க. ஆர்டர் வந்தா எல்லாரும் சேர்ந்தாப்புல 'சரி' குடுக்கறாங்க. இப்படி ஒரு ஒத்துமைய பெங்களூர்ல எவனும் பாத்திருக்க மாட்டான்! பொங்கலன்னிக்கு மட்டும் ஒருத்தர் கூட போனைத் தொடல. என்ன ஒரு பண்பாடுங்க!"

முதலீட்டுக் கம்பெனிக்கு இதை அனுப்பியாகிவிட்டதாம். அவர்களும் அசந்துவிட்டார்களாம்.

நான் வட்டத்தை உற்றுப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரில். எங்கள் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கட்டைப்பை! ஆட்கள் எங்கே வந்தார்கள்? போன் மட்டும்தானே வந்தது. அந்த ஒற்றுமை - அது என் கட்டைவிரல்.

சொல்லலாமா? அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். சொல்லவில்லை.

ஜனவரி 24

இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

முதலீட்டுக் கம்பெனியிலிருந்து புஷ்பலதா மேடம் பன்னிரண்டாம் தேதி நேரில் வருகிறாராம். விவசாயிகள் கூடும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். இனிமேல் மறைக்க முடியாது. பையைக் கழற்றி மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பிரபாகர் அண்ணன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் ஆப்பை யூஸ் பண்றது...?"

"நான் ஒருத்திதானுங்க அண்ணா."

எழுந்து வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம், "அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டாமுங்க. ஆளுங்கள வேன் வெச்சுக் கூட்டியாந்து உக்கார வெச்சுரலாம்" என்றார். பெண் பார்க்கிற மாதிரியா? கேட்கவில்லை. எனக்கும் அட்டை வேண்டுமே.

பிப்ரவரி 12

வேனில் எல்லோரும் வந்தார்கள். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார வேண்டும் என்று பிரபாகர் அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புஷ்பலதா மேடமும் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு காரிலிருந்து இறங்கினார்.

என்ன நடந்தது? கடையைப் பார்த்ததும் பழக்கம் விடவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கல்லாவுக்கு வந்து, போனை என்னிடம் நீட்டிவிட்டு, வெறும் கையோடு போய் உட்கார்ந்தார்கள். மேடம் கண் முன்னால் பை நிறைந்தது.

"அம்மா, நீங்க ஆப்ல எப்படி விலை பாப்பீங்க?" என்று மேடம் காளியாயி அக்காவைக் கேட்டார்.

"ஏனுங்க, அதெல்லாம் நாங்க எங்க பாக்கறோம்? இந்தக் கண்ணுதான் பாத்து எழுதியனுப்புமுங்க. நொம்ப நல்ல புள்ள. ஒரு நா கூட வெலையக் கொறச்சு எழுதுனதில்லீங்க."

பிரபாகர் அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேன் கதை உட்பட. அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

"நீங்க ஒரு நாள் லீவு போட்டா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"அன்னிக்கு வெலை இல்லீங்க."

மேடம் பையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

பிப்ரவரி 20

மெயில் வந்துவிட்டது. இப்போதைக்கு முதலீடு இல்லையாம். 'உங்கள் பயணத்தை ஆவலுடன் கவனித்து வருவோம்.'

"வேடிக்கை பாக்கறதுக்கு இப்படியும் ஒரு பேரா?" என்றார் அத்தா.

மார்ச் 3

நோன்பு தொடங்கிவிட்டது. மாடி காலி. பெங்களூர் வேலை ஏப்ரலில்தானாம். அதுவரை வெள்ளக்கடைக்குக் கீழே பெரியப்பா தோட்டத்தில் மிளகு பறிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பிரபாகர் அண்ணன் போய்விட்டார். ஆப் மட்டும் இந்த மாதக் கடைசி வரை ஓடுமாம். நான் விலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அட்டையைக் கழற்றிப் பை தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டேன்.

மார்ச் 11

காலைப் பையில் ஒரு புது போன். விலை உயர்ந்தது. ரப்பர் பேண்ட் சுற்றி, ஒரு துண்டுக் காகிதம்: 'மிளகு விலை எழுதி அனுப்புங்க. நல்ல விலைன்னா நீங்களே அமுக்கிருங்க. - பிரபாகர்.'

நோன்பு வாயோடு அப்படிச் சிரித்தேன். அத்தா ஓடி வந்து பார்த்தார்.

மத்தியானம் அந்த போன் அடித்தது. திரையில் 'புஷ்பலதா மேடம்'. விடாமல் அடித்தது. எடுத்தேன்.

"பிரபாகர் இருக்காரா? அந்தப் பை போட்டோவ எங்க ஆபீஸ்ல காட்டினதுல இருந்து எல்லாரும் அதைப் பத்தியே கேக்கறாங்க. அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்."

ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தேன்.

"போன் மட்டும்தானுங்க வந்திருக்கு மேடம். ஆளு மொளகு பறிக்கறாரு. நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன்."