ஈர விரல் பட்ட அட்டை

அப்பா,

இன்று காலை உங்கள் வீடியோ கேம் டிஸ்க் பெட்டிகளில் ஒன்றைத் திறந்தேன். மூடி விலகியதும் ஏலக்காய் வாசம் எழுந்து வந்தது. புது அட்டை போட்ட அந்தப் பெட்டியை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஜீப்பிலேயே வைத்துக்கொண்டு மலைக்கும் போடிக்குமாகச் சுற்றினீர்களே, அப்போது நீங்கள் ஏற்றிவந்த ஏலக்காய் மூட்டைகளிலிருந்து ஏறிய வாசம். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாசம் போகவில்லை.

பெட்டியைத் தேடி எடுத்ததற்குக் காரணம் பயம்தான். நாளை உங்களுக்கு முதல் வருஷத் திதி. சுவரில் மாட்டும் படத்தைத் தானே போடுவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, மாதிரியைக் காலையில் என் போனுக்கு அனுப்பினார். கூடவே குரல் செய்தி: "அண்ணனப் பாத்தியா தாயி? ராசா கணக்கா இருக்காருல்ல? சாயங்காலம் பிரேம் போட்டுருவாக. சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

படத்தில் இருந்தவரை எனக்குத் தெரியவில்லை. புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பைக் காணோம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் உங்கள் முன்பற்கள் வரிசைக்கு வந்திருந்தன. கன்னம் மெழுகு தடவியதுபோல இருந்தது. போனில் கைமாறிக் கைமாறிச் சுருங்கிப்போன சின்னப் படத்தைக் கொடுத்து, பெரிதாக்கு என்று கணினியிடம் சொல்லியிருக்கிறார்கள். தெரியாத இடத்தையெல்லாம் அது தானாக நிரப்பியிருக்கிறது.

"சரி சித்தப்பா" என்று எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன். பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேச எனக்கு எப்போதுமே நாக்கு எழாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினால், கொஞ்ச நாளில் எனக்கும் அந்த முகமே நினைவில் நின்றுவிடுமோ என்று, அனுப்பாமலே போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் தேடினேன்.

உங்களுக்கு அட்டை தேவைப்பட்டதே படத்துக்காகத்தானே. நீங்கள் ஜீப் ஓட்டிய எஸ்டேட் முதலாளியின் மகன் வெளிநாடு போகும்போது, டிவியில் மாட்டி விளையாடும் பழைய கேம் மெஷினையும் ஒரு துணிப்பை நிறைய டிஸ்க்குகளையும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றுக்கும் உறை கிடையாது. டிஸ்க்கின் மேல் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷ் உங்களுக்குப் பிடிபடாது. கார் பந்தயம் என்று நினைத்துப் போடுவீர்கள். திரையில் கால்பந்து வரும். "மறுபடியும் இந்தப் பந்தாடுற பயலுகளா!" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா சும்மா இருக்கமாட்டார். "பகல் பூரா மலையில ஓட்டுறது பத்தாதுன்னு டிவியிலயும் ஓட்டணுமாக்கும்?"

"இதுக்கு டீசல் ஊத்த வேணாம்டி."

நீங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டுவீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. நீங்கள் மலையிலிருந்து இறங்கிவர நேரமானால், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பவள் நான். திரையில் உங்கள் வண்டி வளைவில் தவறிப் பள்ளத்தில் உருளும்போதும் என் கால் வாசல்பக்கம் போகும். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டீர்கள். "இங்க விழுந்தா திரும்ப எந்திரிச்சுரலாம் ஆத்தா. அதுக்காகத்தானே வெளையாடுறேன்" என்றீர்கள். கடைசியில் எந்த வளைவும் உங்களை ஒன்றும் செய்யவில்லை. தோட்டத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு லோடு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான்.

காலி டிஸ்க் பெட்டிகள் வாங்கி, இணையத்திலிருந்து அட்டைப் படங்களை எடுத்து நான் அச்சடித்துவந்த முதல் தொகுப்பு நினைவிருக்கிறதா? போனில் பளிச்சென்று இருந்தவை, காகிதத்தில் சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடந்தன. "மலையில மூடுபனி போலயே" என்றீர்கள், என் மனம் நோகாமல். எனக்கோ அழுகையாக வந்தது. வீட்டில் முதல் பட்டதாரி. ஓர் அட்டை ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளியாவது இருந்தால்தான் அச்சில் தெளிவு வரும். இல்லாத புள்ளியை இழுத்துப் பெரிதாக்கினால் கலங்கத்தான் செய்யும். யாரோ முகம் தெரியாதவர்கள் தங்கள் பெட்டி அட்டையை நல்ல ஸ்கேனரில் வைத்து எடுத்து இணையத்தில் போட்டிருப்பார்கள். அவற்றைத் தேடித்தேடி எடுத்தேன். பெட்டியின் முதுகில் தமிழில் பெயர் போட்டேன்: கார், லாரி, பந்து. ஒரு விளையாட்டுக்குச் சின்னப் படம்தான் கிடைத்தது. அதை இழுக்காமல் நடுவில் சிறிதாக வைத்து, சுற்றிலும் கறுப்பு விட்டுவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று தயங்கித்தான் நீட்டினேன். "பொடிக்காய பொடிக்காயின்னு சொல்லி வித்தா குத்தமில்ல ஆத்தா" என்று வாங்கி அடுக்கினீர்கள்.

மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் விளையாட்டுக்கு அந்தச் சின்னப் படமும் கிடைக்கவில்லை. உங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதனால் நானே ஒன்று எடுத்தேன். போடிமெட்டுச் சாலையின் ஒரு வளைவில், பின்னால் பச்சை மலை. தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, பானெட்டில் கையை ஊன்றி நின்றீர்கள். "சிரிங்கப்பா" என்றேன். "சிரிச்சா பல்லு தெரியும்டி" என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டீர்கள். போனில் இருந்த உச்ச அளவில் எடுத்து, சுருக்காமல் அப்படியே பளபளத் தாளில் அடித்து, மேலே ‘போடிமெட்டு’ என்று பெயர் வைத்தேன்.

நீங்கள் அதைக் கையில் வாங்கினீர்கள். மலையின் பச்சையையே பார்த்தீர்கள். பிறகு, சந்தேகப்படும்படி பச்சையாக இருக்கும் ஏலக்காயைக் கண்டால் என்ன செய்வீர்களோ அதையே செய்தீர்கள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அழுத்தி ஒரு தேய் தேய்த்தீர்கள். காயாக இருந்தால், சாயம் ஏற்றியதா இல்லையா என்று விரல் சொல்லிவிடும். இது மை பீய்ச்சி அடிக்கும் பிரிண்டரில் எடுத்தது, ஈரம் தாங்காது. மலை கரைந்து உங்கள் தோள்மேல் வழிந்தது.

"அய்யய்யோ, சாயக்காயி!" என்று கத்தினீர்கள். அடுத்த நொடி உங்கள் முகம் செத்துப்போனது. "பழக்க தோசத்துல தேச்சுப்புட்டேனே, ஆத்தா…" வேட்டியில் விரலைத் துடைத்தீர்கள். அங்கும் பச்சை.

வேறு ஒன்று அடித்துத் தருகிறேன் என்றேன். படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தீர்கள். "வேணாம், விடு. தோள்ல பச்சத் துண்டு போட்டாப்ல நல்லாத்தான் இருக்கு."

அந்தப் படத்தை எடுத்த என் போன் மழையில் நனைந்து செத்தது. உங்களுக்கு அனுப்பியிருந்த சுருங்கிய பிரதிதான் உறவெல்லாம் சுற்றி, சித்தப்பாவிடம் போய், இன்று வேறொரு மனிதராகத் திரும்பி வந்திருக்கிறது. சுருங்காத முகம் இந்த அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

அட்டையை உறையிலிருந்து உருவும்போது கிழிந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில், ஸ்கேனர் கண்ணாடியை என் துப்பட்டாவால் இரண்டு முறை துடைத்தேன். இருப்பதிலேயே பெரிய அளவில் வைக்கச் சொன்னேன். "மெசினு முக்குது தங்கச்சி" என்றார் கடைக்கார அண்ணன். திரையில் முதலில் மைப்புள்ளிகள் மணல்போலத் தெரிந்தன. லேசாக மென்மையாக்கி அளவைக் குறைத்ததும் மணல் அடங்கியது. தழும்பு வந்தது. ஏறி நிற்கும் பல் வந்தது.

"இந்தப் பச்சக் கறைய அழிச்சுரவா? ரெண்டு நிமிசச் சோலிதான்."

"வேணாம்ணே!" நான் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தைரியம் இறங்குவதற்குள் சித்தப்பாவைக் கூப்பிட்டுவிட்டேன். "சித்தப்பா, நீங்க அனுப்புனது அப்பா இல்ல."

"என்ன தாயி சொல்ற?"

"பெருசா இருக்கு. ஆனா அப்பா இல்ல. என்கிட்ட ஒண்ணு இருக்கு. கையகலத்துக்கு மேல போனா கலங்கிரும். அதப் போடுவோம்."

"வர்ற சனம் எட்டத்துல இருந்து பாக்க வேணாமா?"

"கிட்ட வந்து பாக்கட்டும் சித்தப்பா."

"உங்கம்மா சரின்னா எனக்குச் சரி. வெரசாக் கேட்டுச் சொல்லு. அங்க பிரேம் வெட்டிருவாக" என்று வைத்துவிட்டார்.

ஈரம் தாங்கும் ஸ்டுடியோத் தாளில் படத்தை அடித்து வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் போனில் இருந்த சித்தப்பாவின் படத்தைக் காட்டினேன். "நல்லா செவப்பா இருக்காரே, யாரு?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் என் படத்தைக் கொடுத்தேன். சின்னதாக இருக்கிறதே என்பாரா, கறையோடு சாமிக்குமுன் எப்படி வைப்பது என்பாரா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டு உங்கள் தோளில், அந்தப் பச்சைத் துண்டின்மேல், அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"சாயம் இல்ல" என்றார். "இதையே மாட்டு."

சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். படம் இப்போது சுவரில் இருக்கிறது, அப்பா. நாளை வருகிறவர்கள் பச்சைத் துண்டைப் பற்றிக் கேட்பார்கள், எப்படிச் சொல்வது என்று இப்போதே மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். சித்தப்பா முகம் சுளிப்பாரோ என்றும் இருக்கிறது. ஆனால் இந்த மடலை எழுதும்போது இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஈர விரல்தான். பளிச்சென்று எதைக் கண்டாலும், சாயமா என்று பார்க்க அது நாக்கைத் தேடிப் போகிறது.